தைத்தது ஆம்பூர், வரைந்தது யார்?

பாலாற்றுப் படுகையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று வரிசையாக நிற்கும் ஊர்களுக்கு நூறாண்டுக்கு மேலாகத் தோல்தான் சோறு. நாட்டின் தோல் பொருள் ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு தமிழ்நாட்டிலிருந்து போகிறது. அதில் பெரும்பகுதிக்குப் பிறப்பிடம் இந்த வட்டாரமும் சென்னையும்தான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெயர் பெற்ற பல பிராண்டுகளின் ஷூக்கள் ஆம்பூரில் வெட்டி, தைத்து, பெட்டியில் அடுக்கப்பட்டுக் கப்பல் ஏறுகின்றன. ஆனால் அந்த ஷூவின் முனை எவ்வளவு கூராக இருக்க வேண்டும், குதிகால் எத்தனை உயரம், தையல் எந்த வளைவில் ஓட வேண்டும் என்ற முடிவுகளில் பெரும்பாலானவை கடல் கடந்த ஊர்களில் எடுக்கப்படுகின்றன.

வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களின் இளைஞர்களுக்கு இது வாழ்க்கைக் கேள்வி. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் போன்ற இடங்களில் சேர்வது மிகச் சிலருக்கே வாய்க்கிறது. ஷூ கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, மாலையில் வரைந்து, விடுமுறை நாளில் வெட்டி ஒட்டிப் பார்த்து, தானாகவே பொருள் வடிவமைப்பாளர் ஆக முடியுமா? அப்படி ஆனவர்கள் உண்டா? ஆனார்கள் என்றால் எதைச் செய்து ஆனார்கள்?

முடியும் என்பதற்கு இந்த மண்ணிலேயே சான்று உண்டு. அந்தச் சான்றுகள் இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தே சொல்கின்றன: சொந்த முயற்சியில் செய்யும் பொருள் ஒருவருடைய காலுக்கோ கைக்கோ போய்ச் சேர வேண்டும், செய்தவருடைய பெயர் அதன்மேல் நிற்க வேண்டும்.

ஏறிய படிகளும் ஏறாத படியும்

வட்டாரத்தின் பழைய பெருமை ‘ஈஸ்ட் இந்தியா’ தோல். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அந்தப் பெயரில்தான் லண்டன் சந்தைக்குப் போயின. சாயமேற்றி, மெருகிட்டு, ஷூவாகவும் பையாகவும் ஆக்கும் வேலை அங்கே நடந்தது. லாபத்தின் பெரும்பங்கும் அங்கேயே தங்கியது.

1972-இல் சீதாராமையா குழு இந்த நிலையை மாற்றப் பரிந்துரை செய்தது. அதையடுத்து மத்திய அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டியது. மெருகிட்ட தோலுக்கும் தோல் பொருளுக்கும் ஊக்கம் கொடுத்தது. ‘தோல் ஷாப்பு’ என்று இங்கே அழைக்கப்படும் பதனிடும் ஆலைகள் புதிய இயந்திரங்களுக்கு மாறின. பிறகு ஷூவின் மேற்பகுதியான அப்பர் தைக்கும் கம்பெனிகள் வந்தன. அதன்பின் முழு ஷூவும் இங்கேயே உருவானது. ஒவ்வொரு படியிலும் வட்டாரம் புதிதாகக் கற்றுக்கொண்டது. கற்றவர்களில் மிகப் பலருக்குத் தொழிற்சாலைத் தரைதான் பள்ளி.

ஏறாமல் நிற்கும் படி வடிவமைப்பு. அதற்கான கல்வி நிலையங்கள் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-இல் தொடங்கியது. கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிலையம் 1957 முதல் இயங்குகிறது. 1986-இல் நொய்டாவில் தொடங்கிய காலணி வடிவமைப்பு மேம்பாட்டு நிறுவனத்துக்கு இருங்காட்டுக்கோட்டையில் வளாகம் இருக்கிறது. தரமணியில் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் தோல் வடிவமைப்புப் பாடம் நடத்துகிறது. எல்லாமே சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும்! ஆம்பூரிலிருந்து பல மணி நேரப் பயணம். காலை எட்டரை மணி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவருக்கு அந்த வகுப்பறை எட்டாத தூரம்.

சாம்பிள் ரூமில் நடப்பது

ஒவ்வொரு ஷூ கம்பெனியிலும் சாம்பிள் ரூம் உண்டு. ‘பையர்’ எனப்படும் வெளிநாட்டுக் கொள்முதலாளர் அனுப்பும் படமோ, பழைய ஷூவோ, கணினிக் கோப்போ முதலில் இங்குதான் வரும். பேட்டர்ன் மாஸ்டர் அதைக் கையில் எடுக்கிறார். கால் வடிவில் செதுக்கிய லாஸ்ட் மேல் காகித டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுகிறார். அதன்மேல் பென்சிலால் ஷூவின் கோடுகளை வரைகிறார். டேப்பை உரித்து அட்டையில் தட்டையாகப் பரப்பும்போது முப்பரிமாணக் கால் இருபரிமாணத் தாளாகிறது. வளைந்த பரப்பு எதுவும் முழுதாகத் தட்டையாவதில்லை. எங்கே கொஞ்சம் விட வேண்டும், எங்கே கொஞ்சம் எடுக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. பிறகு மடிப்புக்கு இத்தனை மில்லிமீட்டர், ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதற்கு இத்தனை, லாஸ்டின் அடியில் இழுத்து ஒட்டுவதற்கு இத்தனை என்று ஓரங்களைச் சேர்க்கிறார்.

அடுத்தது தோல். ஆட்டுக்கும் மாட்டுக்கும் முதுகுப்பக்கத் தோல் இறுக்கமானது. வயிற்றுப்பக்கம் தளர்ந்து நீளும். எந்தத் துண்டை எந்தத் திசையில் வெட்டினால் ஷூவின் முன்பகுதி நடக்க நடக்க இழுபடாமல் நிற்கும் என்று கட்டிங் தொழிலாளிக்குத் தெரியும். துணி வெட்டுகிறவருக்கு முழுச் சுருளும் ஒரே தரம்; தோல் வெட்டுகிறவருக்கு ஒவ்வொரு தோலும் தனி நிலப்படம். தழும்பு, உண்ணிக்கடி, நரம்பு ஓட்டம் எல்லாவற்றையும் சுற்றி வழி கண்டுபிடித்தாக வேண்டும்.

சைஸ் மாற்றும் கிரேடிங்கிலும் கணக்கு இருக்கிறது. பிரெஞ்சு அளவில் ஒரு சைஸ் ஏறினால் 6.67 மில்லிமீட்டர் நீளம் கூடும். ஆங்கில அளவில் 8.46 மில்லிமீட்டர். நீளம் கூடும்போது சுற்றளவும் கூட வேண்டும். ஆனால் பக்கிள், கண்ணித் துளை போன்றவை அதே விகிதத்தில் பெரிதானால் பார்வைக்கு ஒவ்வாது.

இவ்வளவும் வடிவமைப்பு அறிவு. உலகின் எந்த வடிவமைப்புக் கல்லூரியும் இதைக் கற்றுத்தர ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். சாம்பிள் ரூமில் பத்தாண்டு இருந்தவர் மில்லிமீட்டர் கணக்கில் முடிவெடுக்கிறார். அவர் எடுக்காத முடிவு ஒன்றே ஒன்று: இந்த ஷூ ஏன் வேண்டும், யாருக்கு வேண்டும்? அந்தக் கேள்விக்கான பதில் படத்தோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. சொந்த முயற்சியின் முதல் பயன், இந்தக் கேள்வியை அவர் கைக்குக் கொண்டுவருவது.

கரிகிரியில் உருவான செருப்பு

ஆம்பூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், வேலூருக்கு அருகே இருக்கிறது கரிகிரி. அங்கே நடந்தது இந்தக் கட்டுரையின் மிக வலுவான சான்று.

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர், பெற்றோர் மிஷனரிகள். இங்கிலாந்தில் பள்ளிப்படிப்பு முடிந்ததும் அவர் போனது கட்டட வேலைக்கு. தச்சும் கொத்தும் சில ஆண்டுகள் கற்றார். பிறகே மருத்துவம் படித்தார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எலும்பு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் மடங்கிப்போன கைகளைப் பார்த்தது அவர் வாழ்க்கையைத் திருப்பியது. தசைநாண்களை இடம் மாற்றி அந்தக் கைகளை மீண்டும் இயங்க வைத்தார். இந்த அறுவைச் சிகிச்சைக்காகத்தான் உலகம் அவரை அறிகிறது.

கால்களில் அறுவைச் சிகிச்சை மட்டும் போதவில்லை. புண் ஆறும், நோயாளி நடப்பார், மீண்டும் புண் வரும். தொழுநோயால் சதை அழுகுகிறது என்று பலர் நம்பிய காலத்தில், வலி தெரியாத காலில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம்தான் புண்ணாகிறது என்று பிராண்ட் குழுவினர் கண்டறிந்தார்கள். அப்படியானால் மருந்து செருப்பில் இருக்கிறது. காலணி செய்யப் படிக்காத மருத்துவர் காலணி செய்யக் கற்கத் தொடங்கினார். பல பொருள்களை மாற்றி மாற்றிச் சோதித்தபின் நுண்துளை ரப்பரில் வந்து நின்றார்கள். இன்றும் தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

அந்தச் செருப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காரணம் இருந்தது. ஆணி அடிக்கக் கூடாது; உணர்வற்ற பாதத்தில் ஆணி ஏறினாலும் தெரியாது. அதனால் பசையும் தையலும். மேலே மெத்தென்ற ரப்பர், அடியில் முள் குத்தாத கெட்டித் தகடு. அதற்குப் பழைய டயரும் பயன்பட்டது. விரல்களால் பற்ற முடியாத காலில் செருப்பு கழன்று போகாமல் இருக்கக் குதிகாலைச் சுற்றி ஒரு வார். வலுவிழந்த கைவிரல்களாலும் மாட்டக்கூடிய எளிய கொக்கி. கரிகிரி ஆராய்ச்சி நிலையம் 1955-இல் தொடங்கிய பிறகு செருப்புப் பட்டறையும் மருத்துவத்தின் பகுதியானது. மருத்துவக் கல்லூரி வளாகத்தின் நவ ஜீவ நிலையத்தில் குணமானவர்களுக்கு பிராண்ட் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். உணர்வற்ற கைகளைக் காயப்படுத்தாதபடி கருவிகளை மாற்றி அமைத்தார்கள். இளமையில் கற்ற உளிப்பழக்கம் அங்கே திரும்பி வந்தது.

செருப்பு ஊருக்குள் போனபோது புதிய சிக்கல் கிளம்பியது. இந்த வகைச் செருப்பைப் பார்த்தாலே நோய் இன்னதென்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பாதத்தைக் காத்தது, மானத்தைக் காக்கவில்லை. கடையில் வாங்கும் சாதாரணச் செருப்புபோலத் தோன்றும் மாதிரிகளைத் தேடும் வேலை பின்னர் பல தொழுநோய்த் திட்டங்களில் நடந்தது. அழகு என்பது மேற்பூச்சு அல்ல, பயன்பாட்டின் பகுதி என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பாடம் அரிது.

காலணி வடிவமைப்பில் எந்தச் சான்றிதழும் இல்லாமல் நடந்த வேலை இது. அணிகிறவரின் காலைத் திரும்பத் திரும்பப் பார்த்ததுதான் அவர்களுக்குக் கிடைத்த பயிற்சி.

கடல் கடந்த மூன்று கதைகள்

இத்தாலியின் போனிட்டோ என்ற சிற்றூரில் 1898-இல் பிறந்த சால்வதோரே ஃபெர்ரகாமோ சிறுவயதிலேயே செருப்புத் தைக்கக் கற்றவர். அமெரிக்கா போய்த் திரைப்பட நடிகர்களுக்கு ஷூ செய்தபோது, தன் ஷூ அழகாக இருந்தும் கால் வலிப்பது ஏன் என்ற கேள்வி அவரை விடவில்லை. தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறு வகுப்பில் போய் உட்கார்ந்தார். உடலின் எடை பாதத்தின் வளைவில் எப்படி இறங்குகிறது என்று அறிந்து, அங்கே எஃகுத் தாங்கி வைத்தார். 1930-களின் நடுவில், எத்தியோப்பியப் போரை ஒட்டிய தடைகளால் இத்தாலியில் நல்ல எஃகு கிடைக்காமல் போனபோது தக்கையை எடுத்துக் குதிகாலுக்கும் பாதத்துக்கும் நடுவே நிரப்பினார். இன்று உலகெங்கும் பெண்கள் அணியும் ‘வெட்ஜ்’ குதிகால் அந்தத் தட்டுப்பாட்டில் பரவியது.

ஷூ வடிவமைப்பாளர் மனோலோ பிளானிக்கின் பாதை வேறு. அவருக்கு வரையத் தெரியும். ஷூ செய்யத் தெரியாது. 1970-களின் தொடக்கத்தில் லண்டனில் ஓஸி கிளார்க் என்ற ஆடை வடிவமைப்பாளருக்காக உயரமான ரப்பர் குதிகால் வைத்து ஷூ வரைந்தார். உள்ளே எஃகுத் தாங்கி வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. மேடையில் நடந்த மாடல்களின் குதிகால் வளைந்து, அவர்கள் தள்ளாடினார்கள். அதன்பிறகு தொழிற்சாலைகளுக்குப் போய், லாஸ்ட் செதுக்குவது முதல் குதிகால் வைப்பது வரை கையால் கற்றார். ஆம்பூரின் பேட்டர்ன் மாஸ்டருக்கு பிளானிக்கின் நேர் எதிர்த் திசையில் பயணம்: செய்யத் தெரியும், கற்க வேண்டியது வரைவதும் கேட்பதும்.

மூன்றாமவர் டுவெய்ன் எட்வர்ட்ஸ். லாஸ் ஏஞ்சலிஸ் அருகே இங்கிள்வுட்டில் வளர்ந்த கறுப்பின இளைஞர். பள்ளி மாணவராக இருந்தபோதே 17 வயதில் ரீபாக் நடத்திய வடிவமைப்புப் போட்டியில் வென்றார். ஆனால் கல்லூரிப் பட்டம் இல்லை. எல்.ஏ. கியர் என்ற ஷூ நிறுவனத்தில் கோப்புகள் அடுக்கும் தற்காலிக வேலை கிடைத்தது. அங்கே ஊழியர் கருத்துப் பெட்டி ஒன்று இருந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு ஷூவின் படத்தைச் சிறு அட்டையில் வரைந்து அந்தப் பெட்டியில் போட்டார். ஆறு மாதம் இடைவிடாமல் போட்டபின் நிறுவனத்தின் தலைவர் அழைத்தார். 19 வயதில் வடிவமைப்பாளர் வேலை. பின்னாளில் நைக்கியின் ஜோர்டன் பிரிவில் உயர் பொறுப்பு வகித்த அவர், 2010-இல் பென்சோல் என்ற காலணி வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கினார். தன்னைப் போன்றவர்களுக்குக் கதவு எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கென்றே நடத்தப்பட்ட பள்ளி அது.

மூவரையும் சேர்த்துப் பார்த்தால், தானே கற்றது என்பது தனியே கற்றது ஆகாது என்று தெரிகிறது. ஃபெர்ரகாமோவுக்கு உடற்கூறு வகுப்பு, பிளானிக்குக்குத் தொழிற்சாலை, எட்வர்ட்ஸுக்குப் பெட்டியைத் திறந்து பார்த்த ஒரு தலைவர் தேவைப்பட்டார்.

கோவையும் தென்காசியும்

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு எழுந்தால் கோவையின் அருணாசலம் முருகானந்தம் நினைவுக்கு வராமல் போவதில்லை. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டுப் பட்டறையில் வேலை செய்தவர். 1990-களின் இறுதியில், மனைவிக்காக விலை குறைந்த மாதவிடாய் நாப்கின் செய்யத் தொடங்கினார். பஞ்சு வைத்துச் செய்தவை தோற்றன. சோதித்துப் பார்க்கப் பெண்கள் தயங்கியபோது, பந்தின் ரப்பர்ப் பையில் ஆட்டு ரத்தம் நிரப்பித் தானே அணிந்து பார்த்தார். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துவது மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்க இரண்டாண்டுக்கு மேல் ஆனது. அதன்பின் அவர் வடிவமைத்தது நாப்கின் செய்யும் எளிய இயந்திரம். மகளிர் குழுக்கள் வாங்கி இயக்கக்கூடிய விலையில். 2016-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

மென்பொருள் செயலிகளின் திரையை வடிவமைப்பவர்களும் இன்று பொருள் வடிவமைப்பாளர்கள்தான். அந்தத் துறையில் ஜோஹோ நிறுவனம் 2000-களின் நடுவிலிருந்து நடத்தும் பயிற்சிப் பள்ளிகள், பள்ளிப்படிப்பும் டிப்ளமோவும் முடித்தவர்களைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்து, வேலையிலும் அமர்த்துகின்றன. சென்னையோடு தென்காசியிலும் அவை இயங்குகின்றன; வடிவமைப்புக்கென்று தனிப் பள்ளியும் உண்டு. ஒரு நிறுவனம் மனம் வைத்தால் பட்டம் என்ற கதவைத் தாண்டி ஆள் எடுக்க முடியும் என்பதற்குக் கண்முன் நிற்கும் சான்று இது. தோல் வட்டாரத்தின் பெரிய ஏற்றுமதிக் குழுமங்களுக்கு இதைவிட அருகில் முன்மாதிரி கிடைக்காது.

எதைத் தானே கற்கலாம், எதைக் கூடாது

வரைதல், முப்பரிமாண மாதிரி அமைத்தல், படங்களை அடுக்கிக் காட்டுதல் ஆகியவற்றை வீட்டிலிருந்தே கற்கலாம். 2002-இல் திறந்த மூலமாக்கப்பட்ட பிளெண்டர் மென்பொருள் முழுக்க இலவசம். திரை வடிவமைப்புக்கு ஃபிக்மாவில் கட்டணமில்லாத கணக்கு போதும். கம்பெனிகளில் இருக்கும் காலணி மென்பொருள்கள் விலை அதிகமானவை. ஆனால் அவற்றின் அடிப்படையான டேப் ஒட்டிப் பேட்டர்ன் எடுக்கும் முறைக்கு ஒரு லாஸ்ட், ஒரு சுருள் டேப், ஒரு கத்தி, அட்டை இருந்தால் ஆயிற்று. தோலுக்கு எங்கும் அலைய வேண்டாம். கையால் தோல்வேலை செய்யும் உலகக் கைவினைஞர்கள் தேடி வாங்கும் தாவரப் பதனீட்டுத் தோல் இந்த வட்டாரத்தின் பூர்விகச் சரக்கு. கழிவுத் துண்டுகள் உள்ளூரிலும் சென்னைப் பெரியமேட்டிலும் கிடைக்கின்றன.

தானாகக் கற்றுக்கொள்வதில் ஆபத்தான இடங்களும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல், தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது என்று விதித்திருக்கிறது. அதற்கு முன்பே 1990-களில் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடைசெய்தபோது தமிழ்நாட்டுத் தோல் ஏற்றுமதி ஆட்டம் கண்டது. எந்தச் சாயம், எந்தப் பசை, எந்த மெருகு என்பதை ஊகத்தில் முடிவு செய்ய முடியாது. ஆய்வகச் சோதனை வேண்டும்.

பாலாறும் இந்தக் கணக்கில் வருகிறது. 1996 ஆகஸ்ட் 28-இல் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்துகிறவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. தோல் ஷாப்புக் கழிவால் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி உடைந்து 10 உயிர்கள் போயின. ஷூவில் எத்தனை சதுர அடி தோல், என்ன பதனீடு, எவ்வளவு வீண் என்று முதலில் தீர்மானிப்பது வரைபடம்தான். ஆற்றங்கரையில் பிறந்த வடிவமைப்பாளருக்கு இந்தப் பொறுப்பு பாடப்புத்தகம் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. குடிதண்ணீரை விலைக்கு வாங்கும் வீட்டில் வளர்ந்தவர் அவர்.

யாருக்காகச் செய்வது

பிரபல பிராண்டின் ஷூவைத் திரையில் வேறு நிறத்தில் வரைந்து காட்டுவது பயிற்சியாக இருக்கலாம். அது யாருக்கும் எதையும் தீர்ப்பதில்லை. தீர்க்க வேண்டியவை பக்கத்துத் தெருவிலேயே இருக்கின்றன.

முதலாவது, இந்தியப் பாதம். மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதத்தைவிட அகலமானது என்று தெரிந்தது. அகலம் பிடிக்காததால் ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, பிறகு நாடாவை இறுக்கிக் கட்டிச் சமாளிக்கிறார்கள் மக்கள். பெண்களின் பாத வளர்ச்சி 11 வயதை ஒட்டியும், ஆண்களுடையது 15, 16 வயதிலும் உச்சம் தொடுகிறது. இதன் அடிப்படையில் ‘பா’ என்ற இந்திய அளவு முறை முன்மொழியப்பட்டது. ஐரோப்பிய லாஸ்டில் நாள் முழுதும் வேலை செய்யும் ஆம்பூர்க்காரர் தன் தாயின் காலுக்கு ஒரு லாஸ்டைத் திருத்தி அமைத்தால், அது நாட்டின் கேள்விக்கே விடை தேடும் வேலை.

இரண்டாவது, நீரிழிவு. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. உணர்விழந்த பாதம் என்ற அதே கரிகிரிச் சிக்கல் இப்போது பல வீடுகளில். பாதத்தைக் காக்கும், திருமணத்துக்கும் அணிந்து போகக்கூடிய செருப்புக்கு இடம் காலியாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது, தொழிற்சாலையே. நாள் முழுதும் நின்று வேலை செய்பவருக்கு ஏற்ற செருப்பு, ஈரத்தில் நிற்கும் தோல் ஷாப்புத் தொழிலாளிக்கு வழுக்காத பூட்ஸ், கையால் தைக்கும் பெண்ணின் விரலுக்குக் கவசம் ஆகியவற்றை அணிந்து பார்க்க ஆள் தேட வேண்டியதே இல்லை.

இப்படிச் செய்த வேலையைக் காட்டும் தொகுப்பில் முடிந்த ஷூவின் படம் மட்டும் போதாது. யாருக்காகச் செய்தது, முதல் மாதிரி எங்கே கடித்தது, இரண்டாவதில் எது மாறியது, எவ்வளவு தோல் மிச்சமானது என்று நடந்ததை வரிசையாக வைப்பதே வேலை கொடுப்பவர் பார்க்க விரும்புவது.

பெயர் யாருக்கு

சாம்பிள் ரூமில் இருப்பவருக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. அவர் கையால் உருவான நூற்றுக்கணக்கான ஷூக்களில் ஒன்றைக்கூடத் தன் வேலை என்று வெளியில் காட்ட முடியாது. பையரின் மாதிரிகள் ரகசியம். செல்போனில் படம் எடுக்கத் தடை. இருபதாண்டு அனுபவம் இருந்தும் கைவசம் காட்ட ஒரு பக்கம் இல்லை. ஆகவே இந்த வட்டாரத்தில் சொந்த முயற்சி என்பது பொழுதுபோக்கு அல்ல. ஒருவர் தன் பெயரில் காட்டக்கூடிய ஒரே வேலை அதுதான்.

அந்தப் பெயரைக் காக்கச் சட்டம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி புதிய வடிவத்தைப் பதிவு செய்தால் முதலில் 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் உரிமை கிடைக்கும். தனிநபருக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. ஆனால் விண்ணப்பிக்கும் முன் அந்த வடிவம் பொதுவில் வெளியாகியிருக்கக் கூடாது. மாதிரி முடிந்த மகிழ்ச்சியில் அன்றிரவே இன்ஸ்டாகிராமில் படம் போடுகிறவர் அந்த உரிமையைத் தன் கையாலேயே இழக்கக்கூடும்.

2025 ஜூனில் மிலான் மேடையில் பிராடா நிறுவனம் காட்டிய செருப்பு, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கோலாப்பூர்ச் செருப்பைப் போலவே இருந்ததும், எதிர்ப்புக்குப் பிறகே அதன் ஊற்றுக்கண்ணை அந்நிறுவனம் ஒப்புக்கொண்டதும் அண்மைச் செய்தி. கோலாப்பூருக்குக் குரல் எழுப்ப ஒரு பெயராவது இருந்தது. ஆம்பூரின் பெயர் ஷூவின் உள்ளே ஒட்டிய சீட்டில்கூடப் பெரும்பாலும் இருப்பதில்லை.

யார் வெளியே நிற்கிறார்கள்

ஷூ கம்பெனிகளின் தையல் வரிசைகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். சாம்பிள் ரூமின் பேட்டர்ன் மேசையிலோ ஆண்களே அதிகம். பேட்டர்ன் கற்க ஷிப்டு முடிந்த பின்னும் தங்க வேண்டியிருக்கும். கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டால் கிராமத்துக்குத் திரும்ப வழியில்லாதவர் எப்படித் தங்குவார்? 2016-இல் தொழிலாளர் உரிமை அமைப்புகள் வெளியிட்ட ஆய்வு, ஆம்பூர் சுற்றுவட்டார வீடுகளில் அமர்ந்து ஷூவின் மேற்பகுதியைக் கையால் தைக்கும் பெண்களின் நிலையை எடுத்துக்காட்டியது: எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, ஜோடிக் கணக்கில் மிகக் குறைந்த கூலி. ஊசி எந்தக் கோணத்தில் போனால் மடிப்பு சீராக விழும் என்று அவர்களைவிட அறிந்தவர் யாரும் இல்லை. அவர்களுடைய கூலி உயராமல் அவர்களிடம் மாலைநேரச் சொந்த முயற்சியைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

சாதியும் இதில் இருக்கிறது. தோலைத் தொடும் வேலையை இழிவென்று ஒதுக்கிய சமூகம், அதே தோலில் படம் வரைகிறவரை மட்டும் கலைஞர் என்று கொண்டாடுகிறது. தலைமுறைகளாகத் தோல் வேலை செய்த குடும்பத்திலிருந்து ஒருவர் வடிவமைப்பாளராக வரும்போது அந்தக் குடும்பத்தின் அறிவுக்கும் சேர்த்தே மதிப்பு திரும்புகிறது. மொழித்தடை வேறு: மென்பொருள் பாடங்களும் வேலை நேர்காணல்களும் ஆங்கிலத்தில். காலணிப் பேட்டர்ன் பற்றித் தமிழிலும் உருதுவிலும் நல்ல பாடங்கள் வேண்டும்.

வட்டாரம் செய்யக்கூடியவை

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட காலணி, தோல் பொருள் கொள்கை 20,000 கோடி ரூபாய் முதலீட்டையும் 2 லட்சம் வேலைகளையும் இலக்காக வைத்தது. 2024 டிசம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் தைவானின் ஹாங் ஃபூ குழுமத்தின் தோல் அல்லாத காலணித் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள்மீது 50 சதவீத வரி விதித்தபோது, மற்றவர் வரைந்ததைத் தைத்துக் கொடுக்கும் ஊர் எவ்வளவு எளிதில் நடுங்கும் என்பது ஆம்பூருக்குத் தெரிந்தது. சொந்த வடிவம் வைத்திருப்பவருக்கு வேறு சந்தையில் கதவு தட்டப் பொருளாவது இருக்கும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர் சங்கங்களும் சேர்ந்து ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் பொதுச் சாம்பிள் ரூம் ஒன்றைத் திறக்கலாம். வழக்கொழிந்த லாஸ்டுகளும் கழிவுத் தோலும் அங்கே வந்து சேரட்டும். ஓய்வுபெற்ற பேட்டர்ன் மாஸ்டர்கள் ஊதியம் பெற்றுக் கற்பிக்கட்டும். பெண்களுக்காக அது ஞாயிற்றுக்கிழமைப் பகலிலும், பஸ் வசதியோடும் இயங்க வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தோல் துறைத் திறன் கவுன்சில் முன்பே பெற்ற திறனை மதிப்பிட்டுச் சான்று தருகிறது. அந்தச் சான்றில் இயந்திரம் ஓட்டும் திறனுக்குப் பக்கத்தில் பேட்டர்ன் அறிவும் முழு மதிப்புடன் இடம்பெற வேண்டும். சாம்பிள் ரூம் ஊழியர் தன் நேரத்தில் செய்த வடிவம் அவருக்கே உரியது என்று கம்பெனிகள் எழுத்தில் கொடுக்கலாம்.

சென்னை வர்த்தக மையத்தில் நடக்கும் இந்தியப் பன்னாட்டுத் தோல் கண்காட்சியில் ஒரு சிறு அரங்கை, தோல் வட்டாரத்தின் தொழிலாளர்கள் தாமாக வடிவமைத்த பொருள்களுக்கென்று ஒதுக்க முடியும். ஒவ்வொரு ஜோடியின் பக்கத்திலும் வடிவமைத்தவரின் பெயரும் ஊரும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட வேண்டும். வெளிநாட்டு பையர்கள் வருடம் தவறாமல் வந்து போகும் இடம் அது. ஆம்பூர் பேட்டர்ன் மாஸ்டரை அவர்கள் வடிவமைப்பாளராக முதன்முறை சந்திக்க அதைவிடப் பொருத்தமான இடம் இப்போதைக்கு வேறில்லை.